பத்தேகால் கிராம்

மளிகைக் கடைத் தராசில் ஒரு கிலோ அரிசி ஏறுகிறது. முள் நடுவில் நிற்கிறது, பை கட்டப்படுகிறது, வாங்கியவர் கிளம்பிவிடுகிறார். அந்த ஆயிரம் கிராமும் அரிசிக்குள் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டுவிட்டால், பதில் சொல்ல இருபதாம் நூற்றாண்டு இயற்பியல் முழுவதும் தேவைப்படும். அதற்குப் பிறகும் ஒரு சிறு பகுதிக்குக் கணக்கு வராது.

அரிசி அணுக்களால் ஆனது. அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் அதன் கருவில், புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் அடங்கியிருக்கிறது. ஒரு புரோட்டானுக்குள் இரண்டு அப் குவார்க்குகளும் ஒரு டவுன் குவார்க்கும் இருக்கின்றன. துகள்களின் நிறையை இயற்பியலாளர்கள் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகில் சொல்வது வழக்கம். அந்த அலகில் புரோட்டானின் நிறை 93 கோடியே 80 லட்சம். உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் வருவது சுமார் 90 லட்சம்தான். நூற்றில் ஒரு பங்கு! மீதி 99 பங்கும் குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருக்கும் குளுவான் புலத்தின் ஆற்றல், அந்தச் சிறைக்குள் குவார்க்குகள் ஓயாமல் பாய்ந்து திரியும் ஆற்றல். ஆற்றலும் நிறையும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் காட்டியதால் தராசு அதையும் சேர்த்தே நிறுக்கிறது.

ஆக, ஒரு கிலோ அரிசியில் குவார்க்குகளின் சொந்த நிறை சுமார் பத்து கிராம். எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் திரட்டினால் கால் கிராமுக்குச் சற்று மேல் தேறும். மொத்தம் பத்தேகால் கிராம்.

இந்தப் பத்தேகால் கிராமைக் கழித்துவிட்டால் அரிசி கொஞ்சம் இலேசாகும் என்று தோன்றலாம். உண்மையில் அரிசியே இருக்காது. அணு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை எலக்ட்ரானின் நிறைதான் தீர்மானிக்கிறது. எலக்ட்ரான் இரண்டு மடங்கு கனமானால் அணு பாதியாகச் சுருங்கும். நிறையே இல்லாமல் போனால் அது கருவைச் சுற்றித் தங்காது. அணு என்ற ஒன்றே அமையாது. டவுன் குவார்க் அப் குவார்க்கைவிடச் சற்றுக் கனம். அதனால்தான் நியூட்ரான் புரோட்டானைவிட ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கூடுதல் கனத்தோடு இருக்கிறது; தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடங்களில் சிதைந்து புரோட்டானாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு தலைகீழாக இருந்திருந்தால் சிதைவது புரோட்டானாக இருக்கும். ஹைட்ரஜன் நிலைக்காது. ஹைட்ரஜன் இல்லாத இடத்தில் தண்ணீர் ஏது, சூரியன் ஏது?

எனவே பத்தேகால் கிராம் எங்கிருந்து வந்தது என்பது சில்லறைக் கேள்வி அல்ல.

இடம்புரியும் வலம்புரியும்

இன்றைய விடை, ஹிக்ஸ் புலம். 1964-ல் எடின்பரோவிலிருந்து பீட்டர் ஹிக்ஸும், பிரசெல்ஸிலிருந்து ராபர்ட் பிரவுட், பிரான்சுவா எங்லேர் இருவரும் தனித்தனியாக இதன் அடித்தளத்தை எழுதினார்கள். அதே ஆண்டு லண்டனில் குரால்னிக், ஹேகன், கிப்பிள் மூவரும் அதே முடிவுக்கு வந்தார்கள். அண்டம் முழுக்க ஒரு புலம் சீராக நிரம்பியிருக்கிறது. துகள்கள் அதனோடு கொள்ளும் உறவே அவற்றின் நிறையாக வெளிப்படுகிறது என்பது சாரம். அந்தப் புலத்தின் அதிர்வான ஹிக்ஸ் துகள் 2012 ஜூலை 4 அன்று, ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வகத்தில் அறிவிக்கப்பட்டது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதியில் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு கருவிகள் தனித்தனியே அதைக் கண்டன. நிறை, புரோட்டானைப்போல் சுமார் 133 மடங்கு. மறு ஆண்டு ஹிக்ஸுக்கும் எங்லேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரவுட் 2011-லேயே காலமாகியிருந்தார்.

புலம் எப்படி நிறை தரும்? சங்குகளை நினைத்துக்கொண்டால் விளங்கும். எலக்ட்ரானுக்குப் பம்பரம்போல் ஒரு சுழற்சி உண்டு. அது செல்லும் திசையோடு ஒப்பிட்டால் சுழற்சி இரண்டு விதமாக அமையும்: இடம்புரி, வலம்புரி. நிறையே இல்லாத துகள் இடம்புரியாகப் பிறந்தால் கடைசிவரை இடம்புரிதான். நிறையுள்ள துகளோ இரண்டுக்கும் இடையே மாறி மாறி ஊசலாடுகிறது. கணிதப்படி பார்த்தால் நிறை என்பதே அந்த மாற்றத்தின் அளவு. மாற்றம் எவ்வளவு வலுவானதோ அவ்வளவு கனம்.

இந்த மாற்றத்துக்கு ஒரு தடை இருக்கிறது. கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான மெல்விசை இடம்புரித் துகள்களை மட்டுமே தொடுகிறது, வலம்புரிகளைக் கண்டுகொள்வதில்லை. சியன்-ஷியுங் வூ என்ற சீன அமெரிக்க இயற்பியலாளர் கோபால்ட் அணுக்களை உறைநிலைக்கும் வெகு கீழே குளிர்வித்துச் செய்த சோதனை, 1957-ல் இந்தப் பாரபட்சத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இடம்புரியிடம் மெல்விசைக்கான ஏற்றம் இருக்கிறது, வலம்புரியிடம் இல்லை என்றால், ஒன்று மற்றொன்றாக மாறும்போது அந்த ஏற்றம் எங்கே போகும்? ஏற்றம் காணாமல் போக இயற்கை விடாது. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்வதுதான் ஹிக்ஸ் புலத்தின் வேலை. அது எங்கும் நிரம்பி நிற்பதால் எலக்ட்ரான் எந்த இடத்திலும், எந்தக் கணத்திலும் தன் சுழற்சியை மாற்றிக்கொள்ள முடிகிறது.

அழகான விடை. ஆனால் பாதி விடை.

விலை மட்டும் எழுதிய பட்டியல்

எலக்ட்ரானின் நிறையை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டு மற்றத் துகள்களுக்கு விலை போட்டுப் பார்க்கலாம். அப் குவார்க் 4 ரூபாய். டவுன் 9 ரூபாய். ஸ்ட்ரேஞ்ச் 180. சார்ம் 2,500. பாட்டம் 8,200. டாப் குவார்க் 3 லட்சத்து 38 ஆயிரம்! எலக்ட்ரானின் உடன்பிறப்புகளான மியூவானுக்கு 207 ரூபாய், டௌ துகளுக்கு 3,477 ரூபாய். மியூவானுக்கும் எலக்ட்ரானுக்கும் மின்னேற்றம் ஒன்று, சுழற்சி ஒன்று, அவை உணரும் விசைகளும் ஒன்றே. நிறை ஒன்றுதான் வேறு. மின்னேற்றமே இல்லாத நியூட்ரினோ என்ற துகளோ, ஒரு பைசாவைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்த விலைகளில் ஒன்றைக்கூட ஹிக்ஸ் கோட்பாடு கணித்துச் சொல்லவில்லை. புலம் ஒன்றுதான், ஒவ்வொரு துகளும் அதனோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்பதற்கு ஓர் எண் வேண்டும். டாப் குவார்க்குக்கு அந்த எண் ஏறத்தாழ 1. எலக்ட்ரானுக்குப் பத்து லட்சத்தில் மூன்று. நியூட்ரினோக்களை விட்டுவிட்டாலும் ஒன்பது துகள்களுக்கு ஒன்பது எண்கள். ஆய்வகத்தில் நிறையை அளந்து, அதற்குப் பொருத்தமான எண்ணைக் கோட்பாட்டில் கையால் எழுதிச் சேர்க்கிறார்கள். கோட்பாடு அதற்குப் பிறகு அற்புதமாக வேலை செய்கிறது. ஏன் அந்த எண் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இப்படிப்பட்ட பட்டியல்கள் அறிவியலில் முன்பும் இருந்தன. 1885-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் பள்ளியாசிரியராக இருந்த யோஹான் பால்மர், ஹைட்ரஜன் உமிழும் ஒளியின் அலைநீளங்களை ஒரே எளிய சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார். சூத்திரம் பிசகவில்லை, ஆனால் அது ஏன் சரியாக வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 28 ஆண்டுகள் கழித்து 1913-ல் நீல்ஸ் போர் அணுவின் உள்கட்டமைப்பைச் சொன்னபோதுதான் விளங்கியது. எண்களின் ஒழுங்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் அமைப்பு இருந்தது. துகள்களின் விலைப்பட்டியலுக்குப் பின்னாலும் அப்படி ஓர் அமைப்பு இருக்குமா?

ஸ்டீவன் வைன்பெர்க் இந்தக் கேள்வியை விடவேயில்லை. ஹிக்ஸ் புலத்தைக் கொண்டு மெல்விசையையும் மின்காந்த விசையையும் 1967-ல் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். 1972-ல் அவர் ஒரு பொருத்தத்தைப் பின்தொடர்ந்தார். எலக்ட்ரானின் நிறை மியூவானின் நிறையில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் எண் 137-ல் ஒரு பங்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். அப்படியானால் எலக்ட்ரானுக்கு ஹிக்ஸ் புலத்திடமிருந்து நேரடியாக நிறை எதுவும் வராமல், கனமான துகள்களின் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்திருக்கலாம் அல்லவா?

சுற்றி வருவது என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. குவாண்டம் விதிகளின்படி ஒரு துகள் மிகக் குறுகிய கணத்துக்கு வேறு இரண்டு துகள்களாகப் பிரிந்து மீண்டும் ஒன்று சேரலாம். வரைபடத்தில் அது ஒரு வளையமாகத் தெரியும். ஒவ்வொரு வளையமும் விளைவைச் சுமார் நூறு மடங்கு மெலியவைக்கும். கனமான துகளுக்கு நேர்வழி, அடுத்ததற்கு ஒரு வளையம், அதற்கடுத்ததற்கு இரண்டு வளையம் என்று வைத்தால், விலைப்பட்டியலின் படிக்கட்டு தானாகவே கிடைத்துவிடும். 2020 ஜனவரியில், 86 வயதில், வைன்பெர்க் இதே கருத்தை மறுபடியும் எடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தன் மாதிரிகள் இன்னும் யதார்த்தத்துக்குப் பொருந்தவில்லை என்பதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார். மறு ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார்.

வளையத்துக்குள் சுற்றும் துகள்கள் எவை என்பதுதான் சிக்கல். தெரிந்த துகள்களை மட்டும் வைத்து அந்த வளையத்தைக் கட்ட முடியவில்லை. புதியவை வேண்டும். அவை இதுவரை எந்தக் கருவியிலும் அகப்படாதவையாகவும் இருக்க வேண்டும்.

இருட்பகுதி

கண்ணில் படாத பொருள் அண்டத்தில் ஏராளமாக இருக்கிறது என்பதற்கு வானியல் வேறொரு பக்கத்திலிருந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. 1933-ல் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா என்ற விண்மீன் மண்டலத் திரளை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள், தெரியும் பொருளின் ஈர்ப்பால் கட்டி நிறுத்த முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் விளிம்பில் உள்ள வாயு மேகங்கள் உள்ளே இருப்பவற்றுக்குச் சளைக்காத வேகத்தில் சுற்றுவதை அளந்தார்கள். பிளாங்க் விண்கலம் அண்டத்தின் ஆதி ஒளியை அளந்து தந்த கணக்கின்படி, அண்டத்தின் மொத்த ஆற்றலில் வழக்கமான பொருள் 5 விழுக்காடு, கண்ணில் படாத அந்தக் கரும்பொருள் 27 விழுக்காடு, மீதி கரும் ஆற்றல். தெரிந்த பொருள் ஒரு பங்கு என்றால் தெரியாத பொருள் ஐந்து பங்குக்கும் மேல்.

இந்த ஐந்து பங்கும் ஒரே வகைத் துகளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. ஒரு பங்கான வழக்கமான பொருளிலேயே குவார்க், எலக்ட்ரான், நியூட்ரினோ, ஒளி, பல விசைகள் என்று இவ்வளவு வகை இருக்கும்போது, கரும்பொருளுக்கும் தனித் துகள்களும் தனி விசைகளும் கொண்ட ஓர் உலகம் இருக்கலாம். இயற்பியலாளர்கள் அதை டார்க் செக்டார் என்கிறார்கள். தமிழில் இருட்பகுதி எனலாம். வேறெங்கோ தொலைவில் இருப்பதல்ல அது. இதே வெளியில், இதே காற்றினூடே, வழக்கமான துகள்களோடு ஏறக்குறைய எந்த உறவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. ஒளியின் துகளான ஃபோட்டானுக்கு இணையாக அங்கே ஓர் இருள் ஃபோட்டான் இருக்கலாம் என்றும், அது வழக்கமான ஒளியோடு மிக மெல்லியதாகக் கலக்கலாம் என்றும் இயற்பியலாளர் பாப் ஹோல்டம் 1986-ல் காட்டினார்.

வளையத்துக்குத் துகள் தேடியவர்களும் கரும்பொருளைத் தேடியவர்களும் சந்தித்துக்கொண்ட இடம் நியூட்ரினோ. 1965-ல் கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகி வரும் நியூட்ரினோக்களை முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். அதே வகை நியூட்ரினோக்கள் வழியில் இனம் மாறுவதை 1998-ல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே கருவி கண்டது. இனம் மாற வேண்டுமானால் நிறை இருந்தாக வேண்டும். ஆனால் அந்த நிறை ஏன் இவ்வளவு அற்பமானது?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த எர்னெஸ்ட் மா 2006-ல் ஒரு விடை தந்தார். இருட்பகுதித் துகள்கள் எல்லாவற்றையும் ஒற்றைப்படை என்றும், வழக்கமான துகள்களை இரட்டைப்படை என்றும் குறித்துக்கொண்டார். எந்த வினையிலும் இந்தக் கணக்கு மாறக் கூடாது என்பது விதி. இந்த ஒரே விதியிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. நியூட்ரினோ ஹிக்ஸ் புலத்திடம் நேரடியாக நிறை வாங்கும் வழி அடைபடுகிறது. ஆனால் இரண்டு இருள் துகள்களாகப் பிரிந்து மீண்டும் சேரும் வளைய வழி திறந்திருக்கிறது. இரண்டு ஒற்றைப்படை சேர்ந்தால் இரட்டைப்படை. வளையம் மெலிய வைப்பதால் நிறை சிறியதாகிறது. மூன்றாவதாக, இருள் துகள்களில் மிக இலேசானது சிதைய வழியே இல்லை. சிதைந்து போய்ச் சேர இன்னொரு ஒற்றைப்படைத் துகள் கீழே கிடையாது. எனவே அது காலமெல்லாம் நிலைத்திருக்கும். கரும்பொருளாக அண்டத்தில் நிறைந்திருக்கும். கிரேக்க மொழியில் ஸ்கோடோஸ் என்றால் இருள். மா இந்த மாதிரிக்கு ஸ்கோட்டோஜெனிக் என்று பெயரிட்டார்: இருளில் பிறந்தது.

வட்டிக்கு வட்டி

நியூட்ரினோவுக்கு இது பொருந்துமானால் எலக்ட்ரானுக்கும் குவார்க்குகளுக்கும் ஏன் பொருந்தக் கூடாது? 2014-ல் இந்தத் துணிச்சலான அடியை இரண்டு தரப்பினர் எடுத்து வைத்தார்கள். குவார்க்குகள், எலக்ட்ரான் வகையைச் சேர்ந்த லெப்டான்கள் எல்லாவற்றின் நிறையும் கரும்பொருள் வழியான வளையங்களிலிருந்தே பிறக்கலாம் என்று மா எழுதினார். எமிடியோ காப்ரியெல்லியும், எஸ்டோனியத் தலைநகர் தாலினில் பணியாற்றும் மார்ட்டி ரைடலும் வேறொரு வழியில் அதே திசைக்கு வந்தார்கள்.

காப்ரியெல்லி, ரைடல் சொல்வதை ஒரு டவுன் குவார்க்கைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். இடம்புரியாக வரும் குவார்க் நேரடியாக வலம்புரியாக முடியாது. ஒரு சமச்சீர் விதி அதைத் தடுக்கிறது. அது ஒரு கணம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இருட்பகுதியைச் சேர்ந்த இருள் துகள். மற்றொன்று தூதுத் துகள். குவார்க்கின் மின்னேற்றத்தையும், குவார்க்குகளைப் பிணைக்கும் விசைக்கான வண்ண ஏற்றத்தையும் சுமப்பது இதுதான். தூது ஹிக்ஸ் புலத்தைத் தொட்டு, இடம்புரிக்குரிய வடிவிலிருந்து வலம்புரிக்குரிய வடிவுக்கு மாறுகிறது. இருள் துகளுக்குச் சொந்த நிறை இருப்பதால் அதன் சுழற்சியும் மாறுகிறது. பிறகு இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது வலம்புரி டவுன் குவார்க். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குவார்க்குக்கு நிறை இருப்பதாகத் தெரியும். அந்த நிறையின் அளவோ, உள்ளே ஒரு கணம் வந்து போன இருள் துகளின் நிறையைப் பொறுத்தது.

விலைப்பட்டியலை இருட்பகுதிக்குத் தள்ளிவிட்டதோடு இது நின்றிருந்தால் கேள்வி இடம் மாறியிருக்குமே தவிரத் தீர்ந்திருக்காது. இவர்கள் ஒரு படி மேலே போனார்கள். இருள் துகள்களுக்கு இருட்பகுதிக்கே உரிய ஓர் ஏற்றம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் அளவு சற்றே வேறு. இருள் துகள்களின் நிறை அந்த ஏற்றத்தைப் பொறுத்து அடுக்கேற்ற முறையில் கூடுகிறது. வட்டிக்கு வட்டி கணக்குப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு லட்சம் ரூபாயை 8 விழுக்காடு கூட்டு வட்டியில் 40 ஆண்டுகள் விட்டால் சுமார் 21 லட்சத்து 70 ஆயிரம் ஆகும். 12 விழுக்காட்டில் விட்டால் 93 லட்சம். வட்டி ஒன்றரை மடங்குதான் கூடியது. தொகை நான்கு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காலம் நீள நீள இந்த இடைவெளி இன்னும் விரியும். அதேபோல் இருள் ஏற்றத்தில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் போதும். ஒரு ரூபாய் எலக்ட்ரானுக்கும் 8,200 ரூபாய் பாட்டம் குவார்க்குக்கும் இடையே உள்ள பள்ளம் இயல்பாகவே விளைந்துவிடும். ஒழுங்கின்றித் தெரிந்த பட்டியலுக்குப் பின்னால் ஏறக்குறையச் சமமான சில எண்கள் நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கருத்துக்குத் தொல்லைகளும் உண்டு. வளையம் என்றாலே மெலிவு என்பதால், மிகக் கனமான டாப் குவார்க்கின் நிறையை இந்த வழியில் வரவைப்பது கடினம். குவார்க்குகளுக்கான தூதுத் துகள்கள் வண்ண ஏற்றம் சுமப்பவை. செர்னின் மோதியில் உருவாகியிருக்க வேண்டியவை. இதுவரை தென்படவில்லை என்பதால் அவை மிகக் கனமானவையாக இருந்தாக வேண்டும். இருள் ஏற்றங்கள் ஏன் அந்தந்த அளவில் அமைந்தன என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் இதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: இதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

ஒற்றை ஒளித்துளி

இருட்பகுதியின் ஏற்றத்துக்கு ஓர் இருள் ஃபோட்டான் உண்டு. தூதுத் துகள்கள் ஹிக்ஸையும் தொடுகின்றன, வழக்கமான ஒளியையும் தொடுகின்றன, இருள் ஃபோட்டானையும் தொடுகின்றன. அப்படியானால் ஹிக்ஸ் துகள் சிதையும்போது சில சமயம் ஒரு வழக்கமான ஃபோட்டானும் ஓர் இருள் ஃபோட்டானும் பிறக்க வேண்டும். ஒன்று கருவியில் படும். மற்றொன்று சுவடில்லாமல் போய்விடும்.

சி.எம்.எஸ். கருவிக்குள் அந்த ஒற்றை ஃபோட்டான் படும் இடம் ஈய டங்ஸ்டேட் படிகங்களால் ஆனது. மொத்தம் 75,848 படிகங்கள். கையில் எடுத்தால் கண்ணாடித் துண்டுபோல் ஊடுருவித் தெரியும். ஆனால் எஃகைவிட அடர்த்தி அதிகம், நிறையில் பெரும்பகுதி உலோகம். ஃபோட்டான் உள்ளே நுழைந்ததும் துகள் மழையாக வெடித்து, படிகம் ஒரு நொடியின் மிகச் சிறு பின்னத்தில் மினுங்கி அணைகிறது. அந்த மினுக்கத்தின் அளவே ஃபோட்டானின் ஆற்றல். நின்ற நிலையிலிருந்து சிதையும் ஹிக்ஸ் தன் ஆற்றலை இரண்டாகப் பகிர்ந்தால், நிறையற்ற இரு ஃபோட்டான்களுக்கும் ஆளுக்குப் பாதி, 6,250 கோடி எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். ஒரு பக்கம் படிகம் மினுங்குகிறது. எதிர்ப்பக்கம் அந்த உந்தத்தைச் சமன் செய்ய எதுவுமே இல்லை. வரவு இருக்கிறது, செலவுக்குக் கணக்கு இல்லை. இந்தக் குறைதான் தேடுபவர்களின் தடயம்.

அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டு கருவிகளும் தேடிவிட்டன. இதுவரை அப்படி ஒரு சமிக்ஞை வெளிப்படவில்லை. ஹிக்ஸ் துகள்களில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகவே இப்படிச் சிதைய முடியும் என்று அட்லஸ் குழு எல்லை வகுத்திருக்கிறது. 2012-ல் ஹிக்ஸைக் காட்டிக்கொடுத்த இரட்டை ஃபோட்டான் சிதைவே ஆயிரத்தில் இரண்டு முறைக்குச் சற்று மேல்தான் நடக்கிறது. எனவே தேடலுக்கு இன்னும் இடம் நிறையவே இருக்கிறது.

அதே வளையம் வேறு சில இடங்களிலும் கைரேகை விட்டுச் செல்லும். மியூவானுக்கு நிறை தரும் வளையத்தில் ஒரு ஃபோட்டானை ஒட்டவைத்தால் அது மியூவானின் காந்தத் தன்மையைச் சற்றே மாற்றும். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் அந்தக் காந்தத் தன்மையை நூறு கோடியில் 127 பங்கு என்ற நுட்பத்தோடு அளந்து 2025-ல் இறுதி முடிவை வெளியிட்டது. புதுப்பிக்கப்பட்ட கோட்பாட்டுக் கணிப்போடு அது முரண்படவில்லை. மியூவான் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து எலக்ட்ரானாக மாறுவதும் இத்தகைய வளையங்களால் நடக்கக்கூடும். ஸ்விட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் நடக்கும் சோதனை, மூன்று லட்சம் கோடி மியூவான் சிதைவுகளில் ஒன்றுக்கும் குறைவாகவே அது நடக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கமொன்றில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பத்து டன் திரவ செனானோடு காத்திருக்கும் எல்.இசட். கருவியும் கரும்பொருளின் மோதலை இன்னும் காணவில்லை. ஒவ்வோர் 'இல்லை'யும் இருட்பகுதி மாதிரிகளை இறுக்கிப் பிழிகிறது. எஞ்சியிருப்பவை கூடுதல் கனத்தோடும் கூடுதல் கட்டுப்பாட்டோடும் நிற்கின்றன.

மிக நேரடியான சோதனை ஹிக்ஸிடமே இருக்கிறது. நிறை நேர்வழியில் வந்திருந்தால், ஒரு துகளின் நிறையும் அது ஹிக்ஸோடு பிணையும் வலிமையும் கறாரான விகிதத்தில் இருக்க வேண்டும். வளைய வழியில் வந்திருந்தால் அந்த விகிதம் சற்றுப் பிசகலாம். இந்தப் பிசகை மாவும் ஷான் ஃபிரேசரும் 2014-ல் சுட்டிக்காட்டினார்கள். டாப், பாட்டம், டௌ மூன்றுக்கும் விகிதம் சரியாக இருக்கிறது என்று செர்ன் அளவுகள் சொல்கின்றன. அளவீட்டின் நிச்சயமின்மை சுமார் பத்து விழுக்காடு. மியூவானுக்கு 2020-ல் சி.எம்.எஸ். முதல் சான்றைக் காட்டியது, பின்னர் அட்லஸும் காட்டியது.

ஆனால் இவற்றில் எதுவும் அரிசியில் இல்லை. அரிசியில் இருப்பவை அப் குவார்க், டவுன் குவார்க், எலக்ட்ரான். இந்த மூன்றும் ஹிக்ஸோடு பிணைவதை இதுவரை யாரும் அளந்ததில்லை. எலக்ட்ரானின் பிணைப்பு, கோட்பாடு சொல்வதைப்போல் 200 மடங்கு வலுவாக இருந்தால்கூட இன்றைய கருவிகளுக்குத் தெரியாது. பத்தேகால் கிராமும் ஹிக்ஸ் கொடுத்தது என்று பாடநூல்கள் எழுதுவது நல்ல காரணங்களோடுதான். அளந்து பார்த்து அல்ல.

செர்னின் மோதி மேம்படுத்தப்பட்டு 2030 வாக்கில் மீண்டும் ஓடத் தொடங்கும்போது ஹிக்ஸ் துகள்கள் இப்போதைவிடப் பல மடங்கு கிடைக்கும். மியூவானின் கணக்கு அப்போது தெளிவாகும். அதற்குப் பிந்தைய காலத்துக்காக 91 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு புதிய மோதியைக் கட்டும் திட்டத்தின் சாத்திய ஆய்வறிக்கையைச் செர்ன் 2025 மார்ச்சில் வெளியிட்டது. எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் சரியாக ஹிக்ஸின் நிறைக்குச் சமமான ஆற்றலில் மோதவிட்டு, அவை சேர்ந்து நேரடியாக ஹிக்ஸாக மாறுகின்றனவா என்று பார்ப்பது அந்தப் புதிய மோதிக்கு முன்வைக்கப்பட்டிருக்கும் ஓட்டங்களில் ஒன்று. அரிதினும் அரிது என்பதால் மோதிகளால் செய்யக்கூடிய மிகக் கடினமான அளவீடுகளில் அதுவும் ஒன்றாக இருக்கும். அந்த ஓட்டம் நடந்தால், ஒரு கிலோ அரிசியில் எலக்ட்ரான்களுக்கு உரிய அந்தக் கால் கிராம் ஹிக்ஸ் புலத்திலிருந்து நேராக வந்ததா, இருட்பகுதியைச் சுற்றி வந்ததா என்பதற்கு முதல் தடவையாக ஓர் அளவுகோல் கிடைக்கும்.